நாலரை மணித்தியாலம்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் இந்தக் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சண்டைக் காலத்தில் உயிரோடு திரிகிறவர்களுக்குப் பயப்படவே எங்களுக்குப் பொழுது போதவில்லை, செத்தவர்களுக்குப் பயப்பட யாருக்கு நேரம் இருந்தது? ஆனபடியால் நான் சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை. மற்றப் பாதி நாள்தான் கஷ்டம்.

எங்கள் ஊர் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிக்குப் போகிற வழியில் இருந்து உள்ளே இறங்க வேண்டும். என் கணவர் நெல் வேளாண்மை வெட்டுக்கு என்று தாக்கத்தியை எடுத்துக்கொண்டு வயல்வட்டைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவரோடு போன இரண்டு பேரும் வரவில்லை. போகாத முகாம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. மூன்று வருடம் அப்படியே போனது. என் மகள் தர்சினிக்கு அப்போது ஆறு வயது. எனக்கு ஒரே தங்கச்சி, யோகா, அவள்தான் எங்களோடு இருந்தாள், தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தாள், ஆனால் தைக்கக் கொடுக்கத் துணி யாரிடமும் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தேன். முடிவு என்று சொல்வது பெரிய சொல். வேறு எதுவும் மிஞ்சவில்லை.

மட்டக்களப்பில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏஜென்ட் ஒரு தாளில் இரண்டு புள்ளி போட்டு, நடுவே கோடு இழுத்துக் காட்டினார். "இது கொழும்பு, இது துபாய். ரெண்டாயிரம் மைலுக்குக் கொஞ்சம் கூட. நாலரை மணித்தியாலம் தங்கச்சி, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு ஏறினா அங்கத்த நேரம் ரெண்டு மணிக்கு இறங்கிரலாம்." அவர்களின் கடிகாரம் எங்களுடையதை விட ஒன்றரை மணித்தியாலம் பிந்தி ஓடுமாம். எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. நாலரை மணித்தியாலம் என்பது மட்டும் மனதில் நின்றது.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. தர்சினி தூங்காமல் இருந்தாள்.

"துபாய் எவ்வளவு தூரம்மா?"

"நாலரை மணித்தியாலம்."

விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினாள். "இண்டைக்கு மட்டக்களப்புக்குக் காலம போன நீங்க, இருட்டினாப் பிறகுதானே வந்த நீங்க?"

"ஓம்."

"அப்ப துபாய்தான் கிட்ட."

யோகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. கிட்டத்தில் இருக்கிற இடத்துக்குத்தான் அம்மா போகிறாள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால் நினைக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது.

விமானம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை விடியவே நான் வெளிக்கிட்டேன். இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த நாலரை மணித்தியாலத்துக்குப் போய்ச்சேர எனக்கு மூன்று நாள் பிடித்தது. துறையில் தோணிக்குக் காத்திருப்பு, அந்தக் கரையில் இறங்கினதும் சோதனை, பஸ் ஏறினால் நாலு மைலுக்கு ஒரு இடத்தில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, மறுபடி ஏற வேண்டும். மட்டக்களப்பில் ஒரு நாள் பாதை மூடிக் கிடந்தது. அடுத்த நாள் பொலன்னறுவைப் பக்கமாக விட்டார்கள். எத்தனை இடத்தில் இறங்கி ஏறினேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கொழும்பில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும், எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், புருஷன் எங்கே. புருஷன் எங்கே என்று நான்தானே உங்களிடம் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மூன்று இரவும் கண் மூடவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏஜென்டின் ஆள் வேலைக்குப் போகிற எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி, நெஞ்சில் இங்கிலீசு எழுத்துப் போட்ட வெளிர் நீலச் சட்டை கொடுத்துப் போடச் சொன்னான், துபாயில் கூட்டிப்போக வருகிறவர் அடையாளம் கண்டுபிடிக்கவாம். என் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன்.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் ஏறாவூரைச் சேர்ந்த நஸீமா ராத்தா. இரண்டாம் தடவை போகிறவர், நாற்பது வயது இருக்கும். அவர்தான் எனக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். பதினொரு மணிக்குச் சரியாக வெளிக்கிட்டது. மேலே எழும்பும்போது எல்லோரும் ஓதுகிறார்கள், கும்பிடுகிறார்கள், எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவு. நான் வெளிக்கிடும்போது வீட்டில் ஒரே ஒரு சுண்டு அரிசிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நிவாரணம் கொடுக்கிறார்கள், எடுத்துவிடுவேன் என்று யோகா சொல்லியிருந்தாள். இன்றைக்குத்தானே வெள்ளி, கொடுத்திருப்பார்களா, பிள்ளை சாப்பிட்டிருக்குமா. அந்த யோசனையோடு கண்ணை மூடினேன்.

கனவு ஒன்றும் காணவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்கிறேன். கிணற்றில் கல் போட்ட மாதிரி ஒரு தூக்கம்.

சக்கரம் தரையில் மோதினபோது விழித்தேன். நஸீமா ராத்தா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அல்லாவே, நீ மௌத்தாகிட்டாய் எண்டு பயந்து போயித்தன் புள்ள. எத்தின தரம் எழுப்பின தெரியுமா? கை காலெல்லாம் ஐஸ் மாதிரி இரிக்கி. சாப்பாடு குடுக்கிற பொம்புளப் புள்ளையக் கூப்பிட்டு நாடி பாக்கச் சொன்ன. அவ பாத்துட்டு, நல்ல தூக்கம், விடுங்க எண்டிட்டா."

பிறகு எனக்கென்று தன் காலடியில் எடுத்து வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டைக் காட்டினார். வழித்துத் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. வெள்ளிப் பேப்பர்ப் பெட்டியில் ஒரு பருக்கை இல்லை.

"எப்ப எழும்பித் திண்ட நீ? நான் பாத்ரூமுக்குப் போய் வாறதுக்குள்ளயா?"

நான் சாப்பிடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு காந்திக்கொண்டு இருந்தது. நாலரை மணித்தியாலம் தூங்கியும் களைப்புத் தீரவில்லை, வெயிலில் நடந்து வந்தவள் மாதிரிக் கால் கடுத்தது. விரல் நுனியெல்லாம் தேங்காயெண்ணெய் மணத்தது. நஸீமா ராத்தாவின் தலையெண்ணெய் பட்டிருக்கும் என்று அப்போது நினைத்தேன். அவர் முக்காடு போட்டிருந்தார் என்பது பிறகுதான் யோசனைக்கு வந்தது.

விமான நிலையத்தில் எங்களை வேறு வேறு வாகனத்தில் ஏற்றினார்கள். ராத்தாவை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

துபாய் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு பிள்ளைகள், மூன்று மாடி, விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினால் அவர்கள் எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்கு ஓய்வு. அடிக்கவில்லை, சாப்பாடு தந்தார்கள், மற்றவர்களின் கதைகளைக் கேட்டால் நான் கொடுத்து வைத்தவள். இரண்டு மாதம் வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. பிறகு ஒரு நாள், ஊர்ப்பக்கத்தில் இருந்து வந்த ஒருவர் மூலமாக ஒரு கசெட் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் அப்படித்தான், எழுத நிறைய இருந்தால் பேசிப் பதிந்து அனுப்புவோம். அந்த வீட்டின் பெரிய மகளிடம் ரேடியோவை இரவல் வாங்கி, துணி தோய்க்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

யோகாவின் குரல். "அக்கா, நீ கோவிக்காத. புள்ள நல்லா இரிக்கா. நான் சொல்லுறத முழுசாக் கேள்."

அவள் சொன்னது இதுதான். அந்த வெள்ளிக்கிழமை நிவாரணம் எடுக்க அவள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடம் இரண்டு மைல் தள்ளி. பிள்ளையைப் பக்கத்து வீட்டுத் தங்கமணியக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே வரிசை அசையவே இல்லை. இங்கே பிள்ளை தங்கமணியக்காவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எங்கள் வீட்டு வளவுக்கு வந்து, கிணற்றுக் கட்டில் ஏறி நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அம்மா போகிற ப்ளேன் தெரியுமாம்.

தங்கமணியக்கா பிள்ளையைக் காணவில்லை என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறார். கிணற்றடியில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பிள்ளையை மடியில் இருத்தித் தலை வாரிக்கொண்டு இருந்திருக்கிறாள். பார்த்ததும் நான் என்று தெரிந்துவிட்டதாம். வழியில் மறித்து என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாராம், அது அப்போது நடக்கிற காரியம்தான். "என்ன கா, திருப்பி அனுப்பிட்டானுகளா?" என்று கூப்பிட்டுக் கேட்டாராம். நான் தலையை நிமிர்த்திச் சிரித்துவிட்டு மறுபடி வாரத் தொடங்கினேனாம். தாய் வந்துவிட்டாள், இனி நமக்கென்ன என்று தங்கமணியக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு இரண்டரை மணி போல இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் பக்கமாக நடந்து போனதையும் கண்டிருக்கிறார்.

மூன்று மணிக்குச் செல் குண்டு விழத் தொடங்கியது. எந்தப் பக்கத்தால் வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தும் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒன்று எங்கள் கிணற்றடியில் விழுந்தது. கிணற்றுக் கட்டு, சமைக்கிற குசினி, பக்கத்தில் நின்ற முருங்கை, ஒன்றும் மிஞ்சவில்லை. அரிசியோடு வீட்டுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்த யோகா, அதைப் போட்டுவிட்டு ஓடி வந்து அந்தக் குழியைப் பார்த்து மண்ணில் விழுந்து கத்தியிருக்கிறாள். தங்கமணியக்கா பங்கர்க் குழிக்குள் இருந்து தலையை நீட்டி, "கத்தாத கா, அக்காவும் புள்ளையும் கோயில் பக்கம் போனவ" என்றிருக்கிறார்.

"எந்த அக்கா?"

"உன்ட அக்காதான், வேற ஆரு?"

எங்கள் ஊர்க் கண்ணகையம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறை, சடங்குத் திருவிழாவுக்கு மட்டும்தான் திறக்கிறது. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும், வெளியே ஒரு தாழ்வாரம் மட்டும் இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்தில் பிள்ளை தனியாக இருந்தாளாம். தலையில் எண்ணெய் பூசி, இரட்டைப் பின்னல் பின்னி இருந்ததாம். யோகாவுக்கு இரட்டைப் பின்னல் நேராக வராது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. அப்போது நேரம் மூன்றேகால் இருக்கும் என்று யோகா சொன்னாள். மூன்றேகால் என்றால் நான் இன்னும் தரை இறங்கவில்லை, எங்கள் நேரம் மூன்றரைக்குத்தான் இறங்கினேன். கசெட்டை நிறுத்திவிட்டு அந்தக் கணக்கை நான் எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"அரிசி இல்லாத வீட்டில என்ன திண்ட எண்டு கேட்டன் அக்கா," என்றது யோகாவின் குரல். "அவள் சொல்லுறாள், வெள்ளிப் பேப்பர்ப் பெட்டியில சோறும் கோழியும், குட்டிப் பணிஸ் ஒண்டு, கேக் ஒண்டு, மெழுகு மாதிரி மஞ்சள் துண்டு ஒண்டு எண்டு. மஞ்சள் துண்ட துப்பிட்டாளாம். கையில ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் வச்சிரிக்காள். ஆரும் நிவாரணத்துக்கு வந்த ஆக்கள் குடுத்திருப்பாங்களோ தெரியா. நீ ஏதும் யோசிக்காத."

பிறகு பிள்ளையின் குரல் வந்தது. ஒரே ஒரு வசனம்தான்.

"அம்மா, மறுகா எப்ப வருவீங்க?"

மறுகா என்றால் எங்கள் ஊரில் இன்னொரு தரம் என்று அர்த்தம். வந்து போன ஒருத்தியிடம்தான் அப்படிக் கேட்பார்கள்.

நான் அழவில்லை. துணி நனைந்து கிடந்தது, எடுத்துக் காயப்போட்டேன். இதை யாரிடம் சொல்வது, சொன்னால் பைத்தியம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றிலிருந்து படுக்கும்போதெல்லாம், இப்போது போகலாமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் நடக்கவில்லை. இரண்டரை வருடம் தூங்கினேன், வேலை செய்தேன், தூங்கினேன்.

திரும்பி வந்தபோது வழி முன்னையதை விடக் கொஞ்சம் இலேசாகி இருந்தது, இரண்டு நாளில் ஊர் வந்துவிட்டேன். தர்சினிக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நான் நினைத்திருந்தேன், எத்தனையோ இரவு அதை நினைத்துத்தான் படுத்தேன். அவள் கிட்ட வந்து என் கையைத் தூக்கி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள்.

"நீங்கதானே அண்டைக்கு வந்த நீங்க?"

யோகா என்னைப் பார்த்தாள். ஓம் என்று சொன்னேன். அது பொய்யா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரித்தான் இருந்தது, பிள்ளையும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கோபம் வந்தால் மட்டும் "அந்த அம்மா" என்பாள். அந்த அம்மா ஏசமாட்டா. அந்த அம்மா தலை இழுக்காமல் வாரினா. நான் மெல்ல வாரி முடிப்பேன்.

தங்கமணியக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் கோயில் குளம் என்று திரிகிற ஆள் இல்லை, கதை கட்டுகிற ஆளும் இல்லை. "நீலச் சட்டை கா, மெல்லிய நீலம், நெஞ்சில இங்கிலீசு எழுத்து," என்றார். அந்தச் சட்டையை எனக்குக் கட்டுநாயக்கவில்தான் தந்தார்கள். அதைப் பற்றி ஒருவருக்கும் நான் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. துபாயில் இறங்கின அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கரண்டியையும் யோகா எடுத்து வைத்திருந்தாள். சும்மா ஒரு வெள்ளைக் கரண்டி. எங்கேயும் கிடைக்கக்கூடியதுதான் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடமாயிற்று. சண்டை முடிந்தது, யோகா கலியாணம் முடித்து கல்லடிக்குப் போய்விட்டாள். தர்சினி படித்து ஆசிரியையாகி, அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தக் கதையை நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோம். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், அது போதும், எப்படி என்று ஏன் கிண்ட வேண்டும்.

போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்துக் கிடந்தேன். தர்சினிதான் பார்த்தாள். ஒரு பின்னேரம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவள், கேளாமலே சொன்னாள்.

"அம்மா, அண்டைக்குக் கோயில்ல நீங்க என்னட்ட ஒண்டு கேட்ட நீங்க. ஞாபகம் இரிக்கா?"

எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

"நான் இஞ்சயே நிக்கட்டா புள்ள, களைச்சுப் போனன் எண்டு கேட்ட நீங்க. நான் ஓம் எண்டன். அப்ப துபாயில இறங்கிறது ஆரு எண்டு கேட்ட நீங்க. ஆராவது இறங்கட்டும், நீங்க நில்லுங்க எண்டு சொன்னன்."

"பிறகு?"

"சரி எண்ட நீங்க."

கஞ்சி ஆறிக்கொண்டு இருந்தது. வெளியே அவளுடைய பிள்ளை எதையோ உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"சித்தி ஓடி வந்து என்ன இழுத்துக்கொண்டு போனா," என்றாள். "நான் திரும்பிப் பாத்தன் அம்மா. நீங்க எழும்பிப் போகல்ல. அந்தத் தாழ்வாரத்திலயே, சுவரில சாஞ்சுகொண்டு, காலை நீட்டி இருந்த நீங்க. சித்திக்குத் தெரியல்ல, எனக்குத் தெரிஞ்சது. வாறீங்களா எண்டு கூப்பிட்டன். நீ போ, நான் இஞ்ச இரிக்கன் எண்டு கையக் காட்டின நீங்க."

கஞ்சியைக் குடித்தேன். அவளும் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காய்ச்சல் மாறிவிட்டது. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அது காய்ச்சலால் வந்ததும் இல்லை. டொக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்கிறார். வருடா வருடம் சடங்குக்கு ஊரே கோயிலுக்குப் போகிறது. நான் போவதில்லை, ஏன் என்று கேட்டால் கால் ஏலாது என்று சொல்லிவிடுவேன். தர்சினி மட்டும் என்னை வற்புறுத்துவதில்லை. இந்த வருடம் சடங்கு முடிந்து அவள் திரும்பி வந்தபோது கையில் எப்போதும் கொண்டுவருகிற பிரசாதம் இல்லை. எங்கே என்று கேட்டேன். குடுத்திட்டன் என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.